அக்கா குடித்த தண்ணீர்

தண்டையார்பேட்டையில் கட்டிக்கொடுத்த என் அக்கா, பல வருடங்களாக எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கிவிட்டுப் போன பிறகு அவள் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருக்குழாயில் அப்போது சாக்கடை கலந்து வந்துகொண்டிருந்தது. அக்கா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், அவ்வளவுதான். சோறு சாப்பிடுவாள், டீ குடிப்பாள். தண்ணீர் மட்டும் அவள் கொண்டுவந்தது.

எனக்கு அது பழகிவிட்டது. என் மனைவிக்குப் பழகவே இல்லை. அக்கா தொடாமல் விட்ட சொம்பை எடுத்து வைக்கும்போது அவள் முகம் வாடிப்போகும்.

காய்ச்சிக் குடிக்கலாம்தான். வீட்டில் எல்லோருக்கும் தினமும் காய்ச்சினால் சிலிண்டர் மாதக் கடைசிவரை தாங்காது. கேன் தண்ணீரும் கட்டுப்படியாகாது. அந்தச் சமயத்தில் சுகாதார நிலையத்து நர்சம்மா தெருவில் குளோரின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். வாசனை பிடிக்காமல் பலர் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள். என் மனைவி நிலையத்துக்கே போய், எந்தக் குடத்துக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கலாக வந்தால் முதலில் படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் விட்டுச் சுற்றுவாள். அழுக்கு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுவாள். அதன் பிறகுதான் மாத்திரை. அரை மணி நேரம் யாரும் கிட்டே வரக்கூடாது. அப்படியும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. பிள்ளைகள் டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொண்டார்கள்.

"இவ்ளோ பண்ணி இன்னா பிரயோஜனம்? மேல மூடி, கீழ குழா, அந்த மாரி ஒண்ணு பண்ணிக் குடு" என்றாள்.

நான் துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களை அசையாமல் இறுக்கிக் கட்டும் வேலை பார்ப்பவன். குழாய் வேலை தெரியாது. புது பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றை வாங்கி, பட்டறை வைத்திருக்கும் தோஸ்து ஒருவனிடம் கொடுத்து ஓட்டை போட்டு வாங்கி, குழாயை நானே மாட்டினேன். முதலில் ஒழுகியது. ரப்பர் வாஷர் வைத்ததும் நின்றது. அந்த ட்ரம்மை அவள் தினமும் துடைத்துத் துடைத்து வைத்தாள். பிறகு இன்னொன்றும் செய்தேன்.

மூத்த மகள் சர்ச்சில் முதன்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு பிரியாணி போட்டோம். கேன் வாங்கிவிடலாமா என்று நான் கேட்டதற்கு மனைவி வேண்டாம் என்றாள். முந்தின நாளே இரண்டு ட்ரம்மையும் நிரப்பிவிட்டாள்.

பந்தியிலிருந்து அக்கா மகன் எழுந்து போய் ட்ரம் குழாயில் டம்ளரைப் பிடித்தான். இப்போது வேலைக்குப் போகும் வாலிபன் அவன். அக்கா பதறிப்போய், அதைக் குடிக்காதே என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. மனைவி அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, அக்காவைக் கைபிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். படிகாரம், துணி, மாத்திரை எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினாள். அக்கா டம்ளரை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாமே, ஆஸ்பத்திரி வாசன வருது?"

"லேசா அந்த வாசன இருந்தாதான் அண்ணி தைரியமா குடிக்கலாம். உங்க புள்ள காமாலையில படுத்தத நான் மறக்கல. அதுக்குத்தான் இத்தினியும்."

அக்கா டம்ளர் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு, எனக்கும் அந்தக் குழாய் வைத்த ட்ரம் போல ஒன்று செய்து தரச் சொல் உன் புருஷனை என்று மனைவியிடம்தான் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பந்திக்குத் திரும்பிப் போய், கேட்காதவர்களுக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் தண்டையார்பேட்டைக்குப் போனோம். நான் உள்ளே குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் உட்கார்ந்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க, தெருப் பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். இந்தம்மா எந்த ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார் என்று யாரோ கேட்டார்கள்.

"ஆபீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுப் பொண்ணு" என்றாள் அக்கா.