ரிப்பன் கட்டிய செடிகள்

காசியம்மாளுக்கு மனிதர்களைக் கண்டாலே குமட்டத் தொடங்கியது போன மாசியில்தான். அதுவரை ஆட்டைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், அதோடு சரி.

கரியாலூருக்கு மேலே ஒரு வழுக்குப்பாறை. அதன் வெடிப்பில் முளைக்கும் இடுப்புயரச் செடிக்கு மலையில் கல்மொக்கு என்று பேர். வெளிர்நீலப் பூ. உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். செடி ஆராய்ச்சிக்குக் கல்லூரிக்காரர்கள் வந்தபோது அங்கிருந்த பதினேழு செடியையும் கூட்டிப்போய்க் காட்டியவள் அவள்தான். அதனால் ஆடுமாடு அண்டாமல் பார்த்துக்கொள்ள வனத்துறையில் அவளையே தினக்கூலிக்குப் போட்டார்கள். நான்கு வருஷம் பார்த்தாள். சுற்றுலா வந்த புண்ணியவான்கள் வீசிய பிரியாணிப் பொட்டலத்தையும் குழந்தை டயப்பரையும் வெறுங்கையால் பொறுக்கினாள். அந்த நாற்றத்தோடு சோறு தின்னவும் பழகிக்கொண்டாள்.

பூவே இல்லாத மாசியில் பெரிய அதிகாரிகள் பூச்செடி பார்க்க வருவதாகச் சேதி வந்தது. உண்ணிமுள் புதரை வெட்டிப் பாதை துப்புரவாக்க ஏற்பாடு பண்ணிய பிரவீன்குமார் என்ற இளம் அதிகாரி, கல்மொக்கு தப்பவேண்டும் என்று பதினேழுக்கும் சிவப்பு ரிப்பன் கட்டினார். கட்டியவர் வெட்டுகிற ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப் ஏறிவிட்டார். காசியம்மாள் அன்றைக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பல்வலியோடு வரிசையில் நின்றாள்.

மலையில் வெட்டுவேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடையாளம் போட்டிருந்தால் அது வெட்ட வேண்டியது. மேஸ்திரி பிச்சைமுத்துவின் ஆட்கள் பதினேழையும் வேரோடு பெயர்த்துப் போட்டார்கள். உண்ணிமுள் மட்டும் செழிப்பாக நின்றது.

"அடையாளம் கட்டினதத்தானேக்கா வெட்டுவோம்? பூவும் இல்ல. எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றான் பிச்சைமுத்து, சாயங்காலம் திரும்பி வந்தவளிடம். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை பிரவீன்குமார் அந்தக் கிளைகளை எடுத்து வெடிப்பில் செருகச் சொன்னார். "போட்டோ எடுத்துக்கினு போயிடுவாங்கம்மா. அதுவரிக்கும் வாடாம தண்ணி தெளிச்சிக்கினு நில்லு."

நின்றாள். வந்தவர்கள் செத்த செடிகளுக்கு நடுவே பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அருமையாகப் பராமரிக்கிறீர்கள் என்று ஒருவர் பிரவீன்குமாரின் முதுகைத் தட்டினார். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பிக்கொண்டாள். அந்தத் தண்ணீரைத் தெளித்த தன் கையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எல்லாரும் போனபின் பிரவீன்குமார் குரலைத் தணித்துக் கேட்டார். "வேற எங்கியாவது ஒண்ணு ரெண்டு இருக்காம்மா? இருந்தா சொல்லு. வேலி கட்டி, போர்டு வெச்சி நல்லா காப்பாத்திடலாம்."

"இல்லீங்க சார். எல்லாம் பூடுச்சி."

சொல்லிவிட்டுக் காறித் துப்பினாள். பாறைக்குப் பின்னால், யாரும் இறங்கத் துணியாத பள்ளத்தில், போன மழைக்கு முளைத்த இரண்டு கல்மொக்கு நின்றன. அவற்றை இனி ஒரு மனிதனுக்கும் அவள் காட்டப்போவதில்லை.