மாவு வண்டிக்கு எஞ்சின்

பவானிபூரில் கல்யாணியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் என்று ஒன்று இருந்தால், அவர்கள் வீட்டில் சொந்தமாக கிரைண்டர் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற எல்லோரும் அவளிடம்தான் மாவு வாங்கினார்கள். கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவள், முதலில் பக்கத்து வீட்டுக்கு, பிறகு தெருவுக்கு, பிறகு பாலிகஞ்சிலும் லேக் கார்டன்ஸிலும் இருக்கிற கடைகளுக்கு என்று அரைத்து அரைத்து, வீட்டின் பின்கட்டு முழுவதையும் கிரைண்டர்களால் நிரப்பிவிட்டாள். வங்காளி வீட்டுப் பெண்கள்கூட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "பௌதி, தோசை மாவு" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டபடி வாசலில் வந்து நிற்பார்கள். புருஷன் சுப்பையா துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். கப்பலை இழுத்து வருகிற படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது அவர் வேலை. மாவு விஷயத்தில் அவருடைய பங்கு, தட்டில் விழுந்த இட்லியைச் சாப்பிடுவது.

இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் நடந்தது. சுப்பையா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதே கோடையில் டல்ஹவுசியில் ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனிலிருந்து கல்யாணிக்கு அழைப்பு வந்தது. தினமும் காலையில் டிரம் டிரம்மாக மாவு வேண்டும், அது சொந்த வண்டியில் ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து சேர வேண்டும் என்றார்கள். அதுவரை அவள் மாவு போனதெல்லாம் சைக்கிள் வேனில். பெடல் மிதித்து டல்ஹவுசி போய்ச் சேர்வதற்குள் காலை டிபன் மத்தியானச் சாப்பாடாகிவிடும். ஆனால் கேன்டீன் மேனேஜர் தத்தா பாபு அவளை "மிசஸ் சுப்பையா" என்று கூப்பிடவில்லை, "எங்கள் சப்ளையர்" என்று கூப்பிட்டார். இத்தனை வருஷம் அரைத்ததற்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது என்று கல்யாணிக்குத் தோன்றியது. அந்த ஆர்டர் அவளுக்கு வேண்டும். வேண்டும் என்றால், தூக்கத்தில்கூட வேண்டும்.

"நீ கவலைய விடு. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சுப்பையா.

அன்றைக்குப் பிடித்தது சனி.

பெஹாலாவில் யாரோ ஒருவரிடமிருந்து எஞ்சின் இல்லாத பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு தெரு தள்ளி நிமாய்தாவின் காரேஜில் நிறுத்தினார். "பாடி இரும்பு கல்யாணி, இரும்பு!" என்றார். இரும்பில் செய்யாமல் பின்னே அட்டையிலா செய்வார்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்போது அவளுக்குப் பொறுமை பாக்கி இருந்தது.

பழைய எஞ்சின் விலைக்குப் போகிற மல்லிக் பஜாரில் அவருக்கு இரண்டு டீசல் எஞ்சின்கள் தேறின. ஒன்று, ஜீப்பிலிருந்து இறக்கியது. தடியன். எவ்வளவு பாரம் வைத்தாலும் இழுக்கும், சாமான் எந்தச் சந்திலும் கிடைக்கும், ஆனால் உதறும், ஊரைக் கூட்டும். இன்னொன்று, ஏதோ காரிலிருந்து வந்த ஜப்பான் எஞ்சின். சத்தமே வராது, டீசலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும், ஆனால் ஒரு சின்ன சாமான் போனால்கூட ஊர் ஊராகத் தேட வேண்டும். இருப்பது இரண்டே இரண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியவர் வாழ்நாள் பூராவும் டீசல் புகையிலேயே நின்றவர். அரை நாள் வேலை என்று கல்யாணி நினைத்தாள். பாவம்.

சுப்பையா தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வாரி, ஆபீஸுக்குப் போகிற மாதிரி காரேஜுக்குப் போனார். அங்கே பெஞ்சில் அட்டா நடக்கும். அட்டா என்றால் இந்த ஊரில் வெறும் அரட்டை இல்லை, அது ஒரு கடமை. டீ வரும், மண் குவளைகள் காலடியில் குவியும், உலகத்தில் உள்ள எல்லா விஷயமும் பேசி முடிக்கப்படும், எந்த விஷயமும் முடிவுக்கு வராது. நிமாய்தா ஜீப் எஞ்சின் கட்சி. லேக் கார்டன்ஸிலிருந்து இதற்கென்றே பஸ் பிடித்து வருகிற அனந்தகிருஷ்ணன் ஜப்பான் கட்சி. அவர் சென்ட்ரல் கவர்ன்மென்டில் கணக்குப் பார்த்து ரிட்டயரானவர். ஒரு ஸ்கூட்டர்கூட வாங்கியதில்லை, ஜப்பானுக்கும் போனதில்லை. ஆனாலும் ஜப்பான்காரன் எஞ்சின் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பேசுவார். நடுவில் சுப்பையா, நீதிபதி. இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "இஞ்சினியர் சாயேப் என்ன சொல்லுறார்?" என்று நிமாய்தா வங்காளத்தில் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

"என்னங்க, முடிவாச்சா?" என்று மத்தியானம் சாப்பிட வரும்போது கல்யாணி கேட்பாள்.

"இழுவைன்னு பாத்தா ஜீப்புதான்."

"அப்ப அதையே போடுங்க."

"மைலேஜுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"அப்ப ஜப்பான போடுங்க."

"நீ என்ன கத்திரிக்கா வாங்குத மாதிரி பேசுத? எஞ்சின்னா யோசிக்கணும் தாயி."

அடுத்த நாள் மைலேஜில் ஆரம்பித்து இழுவையில் முடியும். அவளே ஒருநாள் நேராகக் காரேஜுக்குப் போய்க் கேட்டாள். "ஹோபே பௌதி, ஹோபே" என்றார் நிமாய்தா. ஆகும், ஆகும் என்று அர்த்தம். இந்த ஊரில் ஒரு வேலை ஆகாது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

கோடை போய் மழை வந்தது. காரேஜ் முன்னால் முழங்கால் தண்ணீர் நின்றது, அட்டா பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தொடர்ந்தது. பிக்கப்பின் பானெட்டுக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பூனையாவது குடித்தனம் நடத்துகிறதே என்று கல்யாணி பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த வாரம்தான் தத்தா பாபு போன் செய்தார். குரல் பழைய மாதிரி இல்லை. துர்கா பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்றைக்கு மாவு வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கல்யாணி உடனே போய் சுப்பையாவிடம் சொன்னாள். "இருக்குல்லா இன்னும் நாளு" என்றார் அவர்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்கு இந்த ஊரில் ஸ்பானரைத் தொடமாட்டார்கள், சாமி கும்பிடுவார்கள். வானம் முழுக்கக் காற்றாடி. பூஜைக்கு வரச்சொல்லி ஆள் வந்ததால் கல்யாணியும் காரேஜுக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எஞ்சின் இல்லாத அந்தப் பிக்கப்புக்கு மூக்கு முழுக்க சாமந்தி மாலை போட்டு, கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்து, முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பூசாரி மணியடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பக்கத்தில் சுப்பையா வேட்டி கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கக்கூட அந்த வண்டி ஒரு அங்குலம் நகராது. கல்யாணிக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"யாருக்கு மாலை இது? உள்ள என்ன இருக்குன்னு கும்பிடுதீங்க?"

"கல்யாணி, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். ஆறு மாசமா அவங்கதானே இருக்காங்க! எனக்குப் புரியலன்னு நெனச்சீங்களா? எஞ்சின் வந்துட்டா இந்தப் பெஞ்சு இல்ல, சாயேப்பு இல்ல. அப்புறம் நீங்க பொண்டாட்டி மாவுக்கு டிரைவர். அதானே உங்களுக்கு இடிக்குது?"

மணி நின்றுவிட்டது. தமிழ் தெரியாத நிமாய்தாவுக்கும் புரிந்தது. அனந்தகிருஷ்ணன் ஆகாயத்தில் காற்றாடி பார்த்தார். சுப்பையாவின் முகம் இறங்கிப்போனதைப் பார்த்ததும், சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன்தான் சரியாகச் சொன்னோமோ என்றும் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் நாளைக்கு மறுபடி மைலேஜ் வரும்.

மறுநாளே நிமாய்தாவைக் கையோடு இழுத்துக்கொண்டு மல்லிக் பஜார் போனாள். ஜப்பான் எஞ்சினைக் கடைக்காரன் வேறொருவனுக்குக் கொடுத்திருந்தான், அடுத்த வாரம் இன்னொன்று வரும் என்றான். ஜீப் எஞ்சின் எண்ணெய் பிசுக்கோடு தரையில் உட்கார்ந்திருந்தது. "இது இன்னிக்கு இருக்கில்ல? இதையே தூக்குங்க" என்றாள். அவ்வளவுதான். கத்திரிக்காய்கூட அவள் இதைவிட அதிக நேரம் பார்த்து வாங்குவாள்.

எஞ்சினை ஏற்றிப் பூட்டியது சுப்பையாதான். அதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் அவளிடம் பேச்சில்லை, சாப்பிட்டுத் தட்டை எடுத்துவைத்துவிட்டுப் போய்விடுவார். துர்கா பூஜைப் பந்தல்களில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் வண்டி உறுமியது. தெருவே கூடிக் கைதட்டியது. பூனை குட்டிகளை ஏற்கெனவே இடம் மாற்றியிருந்தது. அந்தத் தெருவில் அதற்கு மட்டும்தான் கல்யாணியின் கஷ்டம் புரிந்திருந்தது.

தசமி கழிந்து, ஆபீஸ் திறக்க இன்னும் சில நாள் இருக்கையில், ஒத்திகைக்காக இரண்டு டிரம்மில் பொங்கிய மாவை ஏற்றினார்கள். சௌரங்கி ரோடு வழியாக டல்ஹவுசி போய்த் திரும்பி வந்தார்கள். வண்டி இழுத்தது, பிரேக் பிடித்தது, ஒரு குறையும் இல்லை. வீட்டு வாசலில் இறக்கி மூடியைத் திறந்தாள் கல்யாணி. பஞ்சாகப் பொங்கியிருந்த மாவு அடியில் போய்ப் படுத்திருந்தது. வழியெல்லாம் உதறிய உதறலில் காற்று முழுக்கப் போய்விட்டது. ஒரு ஈடு ஊற்றிப் பார்த்தாள். இட்லித் தட்டிலிருந்து வந்ததை எறிந்தால் மண்டை உடையும்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், ஆத்திரம்தான் வந்தது.

"கடவுளே! ஆறு மாசம்! இழுவைன்னீங்க, மைலேஜுன்னீங்க, ஜப்பான்னீங்க. இதுல என்ன ஏத்தப்போறோம்னு ஒருத்தர் கேட்டீங்களா? சிமெண்டா ஏத்தப்போறோம்? மாவு! நானும்தான் கேக்கல. தினமும் கையில அளையுத நானே கேக்கல. என்னைய எதைக் கொண்டு அடிச்சுக்க?"

தத்தா பாபுவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சுப்பையா ஒரு இட்லியை எடுத்து அமுக்கிப் பார்த்தார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு, முகர்ந்தார். பிறகு, விஸ்வகர்மா பூஜை முடிந்து முதல்முறையாக அவளிடம் வாயைத் திறந்தார்.

"மாவு எப்ப பொங்க ஆரம்பிக்கும்?"

கல்யாணி நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். இல்லை. உடைந்த எஞ்சினைப் பார்க்கிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கீங்க" என்றாள்.

"சொல்லேன். எவ்வளவு உதறினா தாங்கும்? கெட்டியா இருந்தா தாங்குமா, தண்ணியா இருந்தா தாங்குமா? ஏத்துத நேரத்த மாத்தினா என்ன ஆவும்?"

அவள் சொன்னாள். முதலில் எரிச்சலோடுதான் சொன்னாள், பிறகு சொல்லச் சொல்ல நிறுத்த முடியவில்லை. உளுந்து பழசானால் எப்படி, குளிர் காலத்தில் எப்படி, உப்பை எப்போது போடுவது என்று எல்லாம் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. அனந்தகிருஷ்ணன் வந்து வாசலில் நின்று, ஜப்பான் எஞ்சினாக இருந்தால் இது நடந்திருக்காது என்று ஆரம்பித்தார். "நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க சார்" என்று சுப்பையா கதவைச் சாத்தினார். கல்யாணிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பழைய துறைமுகத்து சிநேகிதர்களைப் பிடித்து, படகு எஞ்சினுக்குக் கீழே வைக்கிற மாதிரி தடித்த ரப்பர் கட்டைகள் வாங்கி வந்தார். ஜீப் எஞ்சினைத் தூக்கி, அடியில் அவற்றைக் கொடுத்து உட்காரவைத்தார். டிரம்முகளுக்குக் கீழேயும் ரப்பர் விரித்தார். கல்யாணியும் மாவைக் கொஞ்சம் கெட்டியாக அரைத்து, முழுக்கப் பொங்குமுன் ஏற்றிவிட்டு, மிச்சத்தைக் கேன்டீனில் போய்ப் பொங்கவிடலாம் என்று முடிவுசெய்தாள். காரேஜில் எஞ்சின் ஓட ஓட, அவள் பின்னால் ஏறி டிரம் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கீழே படுத்து நட்டை முறுக்குவார்.

"இப்ப?"

"உதறுது."

"இப்ப?"

"இன்னும் இருக்கு."

நிமாய்தா டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். அது ஆறிப்போனது. கடைசியில் கல்யாணி, "போதும், இது தாங்கும்" என்று சொன்ன பிறகுதான் சுப்பையா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

ஆபீஸ் திறந்த அன்றைக்குக் காலையில் டல்ஹவுசிக்குப் போனார்கள். சுப்பையா இஸ்திரி போட்ட சட்டையில் ஓட்டினார், கல்யாணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டில் காவலாளி கையை நீட்டி நிறுத்தி, வண்டி யாருடையது என்று வங்காளத்தில் கேட்டான்.

சுப்பையா கொஞ்சம் தொண்டையைச் செருமினார். கல்யாணி சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி இந்த மேடத்துடையது" என்றார் அவர். "இட்லி மாவு சப்ளை. நான் டிரைவர்."

காவலாளி அவளைப் பார்த்து சல்யூட் வைத்துவிட்டு கேட்டைத் திறந்தான். கல்யாணிக்குக் கண் கரித்தது. உள்ளே வேகத்தடை ஒன்று தெரிந்தது.

"மெதுவா போங்க" என்றாள் கல்யாணி. "மாவு இருக்கு."