காற்றை இறக்கிவிட்ட டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை அமலோற்பவம் டீச்சர் இறந்துவிட்டார். நெஞ்சுவலி, ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பள்ளிச் செயலாளர் போன் செய்து சொன்னார். அதே போனில் அறுபது பந்துக்கு ஆர்டரும் கொடுத்தார். முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் பந்துப் பயிற்சி செய்து காட்டுவார்களாம். ஒவ்வொரு பந்திலும் டீச்சரின் பெயரும் படமும் இருக்க வேண்டுமாம். "காத்து விண்ணுனு இருக்கணும் பாய். அப்பத்தான் படம் எடுப்பாத் தெரியும்" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அவரிடம் படித்த நீங்கள் அஞ்சலியில் அவரைத் தெய்வம் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தரையில் சாக்கு விரித்துப் பந்து விற்று, பிறகு கடை பிடித்தவன் நான். முதல்முறை அந்தக் கடைக்குள் வந்தபோதே அவர் ஒவ்வொரு பந்தையும் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்காததையெல்லாம் திரும்பக் கூடையில் போட்டார். நல்ல சரக்கு டீச்சர் என்றேன். "யாருக்கு நல்ல சரக்கு? உங்களுக்கா, பிள்ளைக்கா?" என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் கேட்டார். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

ஆண்டு விழா விஷயம் உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் குடும்பப் பெரியவரான அப்பச்சி பெயரைப் போட்டு நாற்பது ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தது. பெயர் பளிச்சென்று தெரிய நானே காற்றை முட்ட முட்ட அடித்து அனுப்பினேன். விழாவன்று விடிந்ததும் டீச்சர் ஊசியைச் செருகி நாற்பதிலும் காற்றைக் குறைத்துவிட்டார். அப்பச்சி பெயர் சுருங்கிப்போனது. போதாததற்கு, வடக்கே மேடை இருக்க, பிள்ளைகளைத் தெற்கு வடக்காக எதிரெதிரே நிறுத்திவிட்டார். கிழக்கு மேற்காக நிறுத்தினால் ஒரு வரிசைக்குக் காலை வெயில் கண்ணில் அடிக்கும் என்றாராம். மேடையில் இருந்த விருந்தினர்கள் முன்வரிசைப் பிள்ளைகளின் முதுகைத்தான் பார்த்தார்கள். அந்தக் குடும்பம் அதோடு என் கடைப் பக்கம் வரவில்லை.

டீச்சருக்கு மெமோ கொடுத்தார்கள். அதற்குப் புகார் எழுதிக் கொடுத்தது நான். என் சரக்கை வேண்டுமென்றே கெடுத்தார் என்று எழுதினேன். பள்ளி நிர்வாகத்தைத் தவிர வெளியில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. டீச்சருக்குத் தெரியும்.

மெமோவுக்குப் பிறகு பந்து வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொருவர் பொறுப்பில், பந்துகளில் மறுபடி காற்றடித்து, அவரவர் இஷ்டத்துக்கு எறிய விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி ஓடிய பந்தை எடுக்கக் குறுக்கே போனாள். இன்னொரு பந்து முகத்தில் அடித்தது. முன்பல் போனது, பந்து உரசி ஜிமிக்கியை இழுத்ததில் காதும் கிழிந்தது.

அன்று மாலை டீச்சர் கடைக்கு வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வார், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலை மைதானத்துக்கு வரச்சொன்னார். போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் வரும்படி என்னை முட்டி போடச் சொன்னார். நாலு எட்டுத் தள்ளி நின்று, நான் காற்றடித்த பந்தை என் முகத்துக்கு நேரே எறிந்தார். கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். மூக்கில் விழுந்தது. பிறகு காற்றிறக்கிய பந்தை எறிந்தார். கண் திறந்தபடி இருந்தது. கையும் தானாகப் பிடித்தது.

"பயந்த பிள்ளை பந்தைப் பாக்காது பாய், கண்ணை மூடிக்கிரும். கண்ணை மூடுன பிள்ளைக்குத்தான் அடி" என்றார்.

பல் போன பிறகு பந்து வகுப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள்; அவர் அதை நடத்தியதைப் பார்த்தேன். தோடு, ஜிமிக்கியெல்லாம் பெயர்ச் சீட்டோடு டிபன் டப்பாவுக்குள் போயின. இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து. ஒரு விசிலுக்கு எறியணும். பந்து ஓடினால் அடுத்த விசில் வரும்வரை யாரும் அசையக் கூடாது. "எறியச் சொல்லிக் குடுக்க ஒரு நாள் போதும். எறியாம நிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ஒரு வருசம் ஆகுது" என்றார். சரி என்று தோன்றியது. மூக்கு வலித்ததால் சொல்லவில்லை. புகாரைத் திரும்ப வாங்கவும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் செயலாளரைப் பார்த்தேன். பந்தில் படம் வேண்டாம், காற்றைக் குறைக்க வேண்டும் என்றேன். சிரித்தார்.

"அவுக மேல புகார் எழுதுன ஆளே நீங்கதான். இப்ப என்ன பாய் திடீர்ப் பாசம்?"

"பாசமெல்லாம் இல்ல. வேற கடையில வாங்கணும்னா வாங்கிக்கங்க. ஆனா கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு, புகார் எழுதுனது நான், மெமோ குடுத்தது நீங்க, பல்லுப் போனது யாருக்குன்னு மூணையும் சொல்லிட்டுத்தான் இறங்குவேன்."

செயலாளர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, என்ன செய்யணும், சொல்லுங்க என்றார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் வகுப்பு நடத்திய முறை. அதையே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்தாக முப்பது போதும். பெயரும் படமும் கிடையாது. காற்றை நான் வந்து விரலால் அழுத்திப் பார்ப்பேன். காதில் எதுவும் இருக்கக் கூடாது. எறிய ஒரு விசில், எடுக்க ஒரு விசில். வரிசை தெற்கு வடக்கு. மேடை மேற்கே, வெயில் விருந்தினர் முகத்தில் விழட்டும். பந்து ஒன்று நூற்றுப்பத்து ரூபாய்.