டேஸ்டிங்குக்கு முன்னால் மென்ற கிராம்பு

துபாய் ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை பாருக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று கூப்பிட்ட முதல் நாளே டேஸ்டிங். புதிதாக வந்த, 'பாக்' என்கிற பெல்ஜியம் கறுப்பு பீரைக் குடித்துப் பார்த்து, கஸ்டமர் கேட்டால் என்ன சொல்வோம் என்று ஒவ்வொருவரும் மேனேஜர் மேடத்திடம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பார் வேலை. இல்லையென்றால் திரும்பவும் கழுவுகிற இடம்தான். எட்டாவதோடு நின்ற எனக்கு வேறு எந்த வழியில் மேலே வர முடியும்?

ஆனால் என்னை ஆட்டி வைத்தது வேறு பயம். டேஸ்டிங் மதியம். முடிந்ததும் ஸ்டாஃப் பஸ்ஸில் ஷார்ஜா ரூமுக்குப் போய்விட்டு, சாயங்காலம் டூட்டிக்குத் திரும்ப வேண்டும். ஷார்ஜாவில் மது கூடாது. வாடை அடித்து போலீஸ் பிடித்தால் ஜெயில், விசா கேன்சல், ஊர். அதனால் முன்கூட்டியே கிராம்பும் ஏலக்காயும் வாய் நிறைய மென்றுவிட்டுப் போனேன்.

கிளாஸ் வந்தது. வறக்காப்பி நிறம், மேலே பழுப்பு நுரை. ஒயின் மாதிரி ருசித்துவிட்டுத் துப்பக் கூடாது. பீரின் கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பார் மேடம். விழுங்கினேன். கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கிறது என்றேன். மேடம் தன் கிளாஸை மறுபடி மோந்து பார்த்தார். பிறகு கிட்டே வந்து என்னை மோந்தார்.

பார் கேப்டன் செல்வம் அண்ணன் நாகர்கோவில்காரர். "என்ன மக்கா, பீரு எப்பிடி இருக்குன்னு கேட்டா பிரியாணி எப்பிடி இருக்குன்னு சொல்லுக?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல், ஏன் இப்படிச் செய்தாய் என்று ஹிந்தியில் கேட்டார். வேலை போனது என்றே நினைத்தேன். ஷார்ஜா பஸ், போலீஸ், பயம் என்று தெரிந்த ஹிந்தியில் உளறினேன். சிரிப்பு நின்றது.

செல்வம் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மேடம், எனக்கும் அதே பயம்தான். நான் முழுங்குறதில்ல. துடைக்கிற மாதிரி நாப்கின்ல துப்பிருவேன்."

பாட்டில் லேபிளில் இருப்பதைத்தான் இத்தனை காலம் ருசி என்று ஒப்பித்திருக்கிறார். மற்றவர்களும் தங்கள் நாப்கின்களைச் சுருட்டி மறைத்தார்கள்.

இனி டேஸ்டிங் நாளில் யாரும் மதியம் ரூமுக்குப் போக வேண்டாம், கேன்டீனிலேயே படுத்துக்கொள்ளலாம், ராத்திரி பஸ் ஏறுவதற்குள் வாடை போய்விடும் என்றார் மேடம். எனக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்து, வேறு கிளாஸ் ஊற்றினார்.

இந்த முறை முதலில் முறுகிய வெல்லப்பாகு. அப்புறம் தீய்ந்த ரொட்டி ஓரம், பேரீச்சம்பழம். விழுங்கிய பிறகு, அடிப்பிடித்த பாயசம் மாதிரி ஒரு மெல்லிய கசப்பு. அப்படியே சொன்னேன். மறுநாளிலிருந்து பாரில் டூட்டி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: பயம் இருந்தால் கிளாஸைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே பயம் இருக்கலாம். சொன்னதால் எனக்குப் பயம் தீர்ந்துவிடவில்லை. அன்று ராத்திரி பஸ் ஷார்ஜாவுக்குள் நுழைந்தபோது செல்வம் அண்ணனும் நானும் ஒருவர் வாயை ஒருவர் மோந்து பார்த்துக்கொண்டோம்.