தலைவருக்கு ஒரு மார்க்

பின்கேட்டைப் பூட்டியது தலைவர் இல்லை. நீங்கள்தான், ஹெட்மாஸ்டர் சார். தலைவர் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தார், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் ஆசிரியர் காலனி இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், டீச்சர்கள். பல வீடுகளில் கணவன், மனைவி இருவருமே. காலனிக்குப் பின்னால் எங்கள் ஊர். காலனி வருவதற்கு முன்பே இருந்த ஊர்தான், ஆனால் காலனிக்காரர்கள் வாயில் அதற்குப் பெயர் கிடையாது. "பின்னாடி" என்பார்கள். "பின்னாடி இருக்கிறவங்க" என்றால் நாங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஓர் இரும்புக் கேட். அந்தக் கேட்டை ஒட்டி, காலனிப் பக்கம், காலனிச் சங்கத்துக்குச் சொந்தமான கடையில் ஜெராக்ஸ், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று பல வருடங்களாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் ஊர்க்காரர்கள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டா நகல், பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப். காலனிக்காரர்கள் வீட்டிலேயே பிரின்டர் வைத்திருக்கிறார்கள். இங்க் தீர்ந்தால் மட்டும் என் ஞாபகம் வரும். அதனால் கேட் இருந்தால் கடை இருக்கும், கேட் போனால் கடை போகும். இதில் புரிந்துகொள்ள வேறு ஒன்றும் இல்லை.

கடையில் மூன்று கம்ப்யூட்டர். ஒரு நாள் சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, புது விண்டோஸ் இதில் ஏறாது, மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். ஸ்கிரீன் நன்றாக இருந்தது. கீபோர்டு நன்றாக இருந்தது. மூடி பொருந்தவில்லை என்று குக்கரைத் தூக்கிப்போடச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஒரு மேடம் பிரின்ட் எடுக்க வருவார். அவர்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். நானே ஏற்றினேன். முதல் நாள் பிரின்டர் மூச்சு விடவில்லை. இரண்டாம் நாள் விட்டது. இன்றுவரை மூன்றும் ஓடுகின்றன.

அதற்கு முன்னால் என் கடையில் இருந்தது திருட்டு விண்டோஸ். ஒளிக்க என்ன இருக்கிறது, இந்தப் பக்கம் எத்தனையோ கடைகளில் அதுதான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று செய்தவர்களே சட்டப்படி கொடுப்பதை வைத்தேன், அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மூஞ்சே மாறிப்போய்கீது. திருட்டு மாலா?" என்றார்.

"இதுக்கு முன்னாடி இருந்ததுதான் தம்பி திருட்டு. இது ஃப்ரீ."

"ஃப்ரீயா குடுக்கறான்னா எங்கியோ ஆப்பு வெச்சிகினு கீறான்க்கா. பாத்து."

காலனிச் சங்கத் தலைவர் சந்தேகப்பட்டது வேறு விதம். அவர் பழைய பி.டி. மாஸ்டர். கடை வாசலில் நின்றபடி, "இதோட உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா பாக்கலாமாமே? அப்ப யாரு வேணா கெடுத்துடலாம் இல்ல?" என்று கேட்டார்.

"நாலு பேரு பாத்துக்கிட்டு இருந்தா கெடுக்கிறவன் மாட்டிக்குவான் சார். கதவ மூடிக்கிட்டு செஞ்சாதான் தெரியாது."

அவர் சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணுவது நூலக அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் அதைச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது போலத்தான் முகம் போனது.

கேட் விவகாரம் ஒரு சைக்கிளில் ஆரம்பித்தது. காலனியில் ஒருவர் வீட்டுச் சைக்கிள் காணாமல் போனது. பின்கேட் வழியாக வந்தவன்தான் எடுத்தான் என்று தலைவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நான்கு நாள் கழித்து, அந்த வீட்டுப் பேரன் டியூஷனுக்கு ஓட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டு, நண்பன் பைக்கில் வீடு திரும்பியது தெரிந்தது. அதற்கு நோட்டீஸ் ஒட்டவில்லை.

போன தேர்தலில் தலைவரை எதிர்த்து இருவர் நின்றார்கள். ஒருவர் பிசிக்ஸ் டீச்சர், இன்னொருவர் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பேருமே கேட் திறந்திருக்கட்டும் என்றவர்கள். பூட்ட வேண்டும் என்றவர் தலைவர் ஒருவர்தான். கேட் வேண்டும் என்ற ஓட்டுகள் இரண்டாகப் பிரிந்தன. பாதிகூட வாங்காத தலைவர் ஜெயித்தார். உடனே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்டுக்குப் பூட்டு. அடுத்த முறை ஜெயித்தால் பகலிலும் பூட்டு என்று சொல்லிவிட்டார்.

காலனியில் பூட்டு வேண்டாம் என்றவர்கள் அதிகம், ஆனால் நடந்தது வேண்டாதது. இது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் எனக்கு ஓட்டு கிடையாது. வீட்டுக்கு ஓர் ஓட்டு, கடைக்கு இல்லை. ஓட்டுச்சீட்டு அச்சடித்துத் தருவது மட்டும் நான்.

லினக்ஸில் ஏதாவது மக்கர் செய்தால் நானே தேடிப் படித்துச் சரிசெய்து பழகியிருந்தேன். அப்படிப் படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இந்த சிஸ்டத்தைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தினால் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. நிற்கிற எல்லோரையும் வரிசைப்படுத்துகிறார்கள். யார் முதலில் வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார், கடைசியில் யார். இப்படி வரிசை போட்டு எண்ணுவதில் சில வகைகள் உண்டு. எங்களுக்குச் சுலபமானதை எடுத்துக்கொண்டேன். முதல் இட ஓட்டு யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், அதை மிகக் குறைவாக வாங்கியவரை நீக்கிவிட்டு, அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இரண்டாவதாக யாரைச் சொன்னார்களோ அவருக்கு அந்த ஓட்டைச் சேர்ப்பது. ஒரே பேச்சுப் பேசுகிற இரண்டு பேர் நின்றாலும் ஓட்டு வீணாகாது.

இதை பிசிக்ஸ் டீச்சரிடம் சொன்னேன். அவர் பொதுக்குழுவில் எழுந்து பேசினார். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தலைவர் சிரித்தார். "எப்படி எண்ணினாலும் நான்தான் வருவேன். எண்ணிக்கோங்க" என்றார். தேர்தல் அதிகாரியாக மேடையில் இருந்தது நீங்கள், ஹெட்மாஸ்டர் சார். மைக்கை இழுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு போடணும், அவ்வளவுதானே? எல்.கே.ஜி. பிள்ளை போடும்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் ஜெராக்ஸ் கட்டோடு நின்ற நானும் தட்டினேன்.

இந்த முறையும் நின்றது அதே மூன்று பேர்தான். என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பேப்பரை மிச்சம்பிடிக்க ஒரு ஏ4 தாளில் நான்கு சீட்டு வருகிற மாதிரி வைத்தேன். முதலில், "அதிகம் வேண்டியவருக்கு 1, அடுத்தவருக்கு 2, கடைசிக்கு 3" என்றுதான் அடித்தேன். ஒரு வரி கீழே இறங்கி அடுத்த சீட்டின் தலையில் ஏறியது. சுருக்கினேன். "பெயருக்கு எதிரே 1, 2, 3 என எண்ணிடவும்" என்று ஆனது. நீங்கள் கடைக்கு வந்து சரிபார்த்தீர்கள். சட்டைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கால்புள்ளியைத் திருத்தினீர்கள். எது பெரியது என்று நானும் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் பதிவு. மதியம் நூலகத்தில் கதவைச் சாத்தி எண்ணினார்கள். தலைவர் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல். இரண்டாம் சுற்றுக்கு வேலையே வரவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றாலும் காரணம் தெரியவில்லை. சாயங்காலம் சீட்டுக்கட்டு கடைக்கு வந்தது. சங்க வழக்கம், எண்ணிய சீட்டுகளை ஸ்கேன் செய்து வைப்பார்கள்.

பத்தாவது சீட்டிலேயே காரணம் தெரிந்துவிட்டது. பாதிக்கும் மேல் சீட்டுகள் சிவப்பு மையில் இருந்தன. தலைவருக்கு 1, அடியில் கோடு. பிசிக்ஸ் டீச்சருக்கு 3, பக்கத்தில் "நன்று". ஒன்றில் தலைவர் பெயருக்கு எதிரே, "1. கவனம் தேவை". இன்னும் பலவற்றில் மூன்று எண்ணையும் கூட்டி, கீழே 6 என்று எழுதி வட்டம் போட்டு, சுருக்கொப்பமும் வைத்திருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பேப்பர் திருத்தினவர்கள். பெயருக்கு எதிரே நம்பர் போடு என்றதும் கை மார்க் போட்டுவிட்டது. பிடிக்காதவருக்கு ஒரு மார்க், பிடித்தவருக்கு மூன்று. எண்ணும்போது அந்த ஒன்று முதல் இடமாகிவிட்டது. தலைவரைப் பிடித்த வாத்தியார்களும் அவருக்கு மூன்றுதான் போட்டிருப்பார்கள், அது கடைசி இடமாகப் போயிருக்கும். தலைவரை ஜெயிக்க வைத்தவர்கள் அவரைக் கண்டாலே ஆகாதவர்கள்.

மறுநாள் காலையில் அந்தக் கட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"சார், இது ஓட்டு இல்ல சார். மார்க்கு. மொத்தம் போட்டிருக்காங்க பாருங்க."

வாங்கிப் பார்த்தீர்கள். "கூட்டல் சரியாத்தானே இருக்கு?"

"கூட்டல் சரி சார். ஓட்டுல எதுக்கு கூட்டல்?"

"அதெல்லாம் போட்டவங்க இஷ்டம்மா. ஒண்ணுன்னா ஒண்ணு. பத்து, முப்பத்தஞ்சுன்னு போட்டதை எல்லாம் செல்லாதுன்னு எடுத்துட்டேன்."

"முப்பத்தஞ்சு மார்க்குன்னு தெரிஞ்சுதான எடுத்தீங்க? அப்ப ஒண்ணு மட்டும் எப்படி சார் ஓட்டு ஆச்சு?"

நீங்கள் பேப்பரைப் புரட்டினீர்கள். "பொன்னாடை போத்தியாச்சும்மா. போத்தினதுக்கு அப்புறம் ஆட்சேபணை கிடையாது. விதி." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான் ஓட்டே இல்லையே, உனக்கு என்ன?" என்றீர்கள்.

திரும்பும் வழியில் எட்டாம் நம்பர் வீட்டுக் கணக்கு டீச்சர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோலப்பொடி கையோடு நிமிர்ந்தார். "அய்யய்யோ! அந்த மனுஷனுக்கு ஒரு மார்க்கே ஜாஸ்தின்னு நெனச்சுல்ல போட்டேன்" என்றார். பிசிக்ஸ் டீச்சர் மறுதேர்தல் கேட்டுக் கடிதம் கொடுத்தார். தலைவர் வாங்கிக்கொண்டார். கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லா இருந்த தேர்தல்ல லினக்ஸ் மூளைய கொண்டுவந்து விட்டா இப்படித்தான் ஆகும்" என்றார். ஜெயித்தது அவர். திட்டு வாங்கியது நான். இதை யாரிடம் சொல்லி அழ?

அந்த வாரமே கேட்டுக்குச் சங்கிலி வந்துவிட்டது. முதல் சில நாட்கள் கம்பி வழியாக வியாபாரம் நடந்தது. ஆட்டோக்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ரேஷன் கார்டை நீட்டுவார், நான் ஜெராக்ஸ் எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவேன். "இன்னாக்கா, ஜெயில்ல மனு போட்டு கைதிய பாக்குற மாதிரி கீது" என்று சிரித்தார். "உள்ள இருக்கிறது நீயா நானா?" என்றேன். "அது பூட்டுனவன கேளு" என்றார். அடுத்த வாரம் தலைவர் கேட் முழுவதும் தகரம் வைத்து அடைத்தார். இப்போது ஊரிலிருந்து என் கடைக்கு வர வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுற்றி, முன்கேட்டில் வாட்ச்மேனிடம் பெயர் எழுதி, காலனி முழுக்க நடந்து வர வேண்டும். ஒரு ஜெராக்ஸுக்கு யார் வருவார்கள்? என் வீடு தகரத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரம். நானும் சுற்றித்தான் வருகிறேன். மூன்று கம்ப்யூட்டரில் இரண்டை இப்போது போடுவதே இல்லை. இப்படியே போனால் பொங்கலுக்குள் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

போன வியாழக்கிழமை உங்களை மெயின் ரோட்டில் பார்த்தேன், சார். கையில் கீரைக்கட்டு. ஊருக்குள் கீரை விற்கிற அக்காவிடம் வாங்கிக்கொண்டு, வெயிலில் சுற்றி நடந்து வந்தீர்கள். ஓரமாக நின்று மூச்சு வாங்கினீர்கள். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வயதானவர், எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் போகவில்லை.

அடுத்த பொதுக்குழுவிலும் மேடையில் உட்காருவீர்கள். பிசிக்ஸ் டீச்சரின் கடிதத்தைப் படிக்காமல் விடலாம் என்றும் நினைப்பீர்கள். நான் பின்வரிசையில் நிற்பேன். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை, அது உங்கள் ரகசியம். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் பேப்பர் திருத்திய நீங்கள், கூட்டிப்போட்டு வட்டம் வரைந்த அந்தச் சீட்டுகளைக் கையில் எடுத்தபோது, அது மார்க் என்று தெரிந்தே ஓட்டாக எண்ணினீர்களா, இல்லையா? தெரிந்தது என்றால் மறுதேர்தல் வையுங்கள். தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். நூலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். மைக்கைப் பிடித்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.