தாளம் அக்கா எடைபோட்ட லேப்டாப்

அந்த அலுவலகத்தில் ஏழு பேருக்குச் சரக்கு எண்ணுவதுதான் வேலை. கேட்டவர்களுடைய குடோனுக்குப் போவார்கள். என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எண்ணி லேப்டாப்பில் ஏற்றிவிட்டு வருவார்கள். ஏழு பேரில் கைவேகம் கூடியவளுக்குத் 'தாளம்' என்று பெயர் விழுந்து பதினாறு வருஷம் ஆகிறது. கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்றே தனியாக ஒரு கட்டம் இருக்குமே, அதன்மேல் அவள் கை விழுந்தால் நிற்காது. கண் அலமாரியில் இருக்கும், வாய் பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை பேசும், விரல் மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும்.

இந்தக் கை அவளுக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா, அவருடைய இரண்டு தம்பிகள், பெரிய அத்தை, அத்தையின் மூத்த மகன் எல்லோருக்கும் முறம் மாதிரி உள்ளங்கை. அத்தை கையுறை வாங்கப் போனால் ஆண்கள் பக்கம்தான் நேரே நடப்பாள்.

கை அப்பா வழி என்றால் தோள் அம்மா வழி. அம்மாவுக்கும் சித்திக்கும் சித்தி மகளுக்கும் ஐம்பது வயதுக்குள் வலது தோள் பிடித்துக்கொண்டது. தாளத்துக்கு நாற்பத்தி நாலிலேயே பிடித்துவிட்டது. பழைய லேப்டாப், அதன் சார்ஜர், பை எல்லாம் சேர்ந்து நாலு கிலோ. இனிமேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் நல்ல மனுஷர். அலுவலகத்திலேயே ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, மற்றவர்கள் எண்ணிக்கொண்டு வருவதை உட்கார்ந்த இடத்தில் சரிபார்க்கும் வேலை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் தாளத்துக்கு அது ஒப்பவில்லை. இன்றைக்கு மருந்து, நாளைக்கு பொம்மை, மறுநாள் குழாய் என்று தினம் ஒரு வாசலைப் பார்த்துப் பழகியவள் அவள். ஊரார் எண்ணியதை உட்கார்ந்து பார்ப்பது, பந்தியில் அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பது மாதிரி அவளுக்கு.

அப்படி அவள் பிடி கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், ஏழு பேருக்கும் புது லேப்டாப் வாங்குவது என்று முடிவாயிற்று. மேனேஜர் மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்தார். அலுவலக வேலைக்கென்றே செய்த சின்ன வகை. ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"ஒரு வாரம் வெச்சுப் பாரும்மா. சனிக்கிழமை ஒரு பக்கம் எழுதிக் குடு. சரிவந்தா ஏழும் இதுதான். சரிவரலன்னா ஏழும் பழைய மாதிரி பெருசு. பாதி இது, பாதி அதுன்னு வாங்க முடியாது" என்றார்.

பெரியது வந்தால், அடுத்த தடவை வாங்கும்வரை நாலு வருஷத்துக்கு நாற்காலிதான். இது தாளத்துக்குத் தெரியும். அதனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவள் மனசு அதற்கு நல்ல பெயர் எழுதிவிட்டது.

வீட்டில் கணவர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத் தருபவர், உலகத்தில் எதைப் பார்த்தாலும் வண்டியாகத்தான் பார்ப்பார். இது சந்துக்குள்ளே சுலபமாகத் திரும்புகிற வண்டி, லோடு ஏற்றினால் திணறும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவருடைய தங்கை போனில் பிடித்துக்கொண்டாள். இந்த நாத்தனார் எதையும் ஊர் உலகம் என்ன எழுதியிருக்கிறது என்று மாதக்கணக்கில் படிக்காமல் வாங்கமாட்டாள். ஒரு மிக்ஸிக்கு ஏழு மாதம் படித்தவள். எத்தனை மணி நேரம் தாங்குகிறது, எத்தனை வயர் சொருகலாம், சூடு எப்படி என்று தலையைத் தின்றுவிட்டு, "முதல் நாள் எல்லாரும் நல்லாத்தான் சொல்வாங்க அண்ணி. மூணாம் நாள் சொல்லுங்க" என்றாள்.

மூன்றாம் நாள்வரை போகவேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை நட்டு போல்ட்டு குடோன். புது லேப்டாப் தொட்டதும் திறந்தது, பழையது திறப்பதற்குள் ஒரு டீ குடித்து டம்ளரைக் கழுவியும் வைத்துவிடலாம். ஆறாயிரம் வரி உள்ள பட்டியல் தடங்கலில்லாமல் ஓடியது. தாளம் ஜம்மென்று மேஜை முன்னால் உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்தபடி முதல் வரிசை முழுவதையும் அடித்து முடித்தாள். திரையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு எண்கூட ஏறவில்லை. எண் கட்டமே அந்தச் சின்ன லேப்டாப்பில் கிடையாது. கை பழக்கத்தில் வலது பக்கம் போய், முப்பத்தெட்டுப் பெட்டியையும் வெறும் மேஜையின்மேல் அடித்து வைத்திருந்தது.

பக்கத்தில் நின்ற குடோன்காரர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மேஜை எல்லாத்தையும் சரியா எழுதிக்கிச்சாக்கா?"

பிறகு மேல் வரிசை எண்களைத் தேடித் தேடி அடித்தாள். அப்பா வழி விரல் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணில் உட்கார்ந்தது. நாற்பத்தேழு பெட்டி வாஷர் நானூற்று எழுபத்தெட்டு ஆயிற்று. அன்றைக்கு மட்டும் பதினோரு தப்பு.  வீட்டில் நாத்தனார் கூப்பிட்டபோது, குளிக்கிறாள் என்று கணவரைச் சொல்லச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மேஜையே இல்லாத ஒரு குடோன். வேறு வழியில்லாமல் லேப்டாப்பை இடது முன்கையில் கைக்குழந்தையைப் போலக் கிடத்திக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கத்தான் அதன் அருமை தெரிந்தது. பழையது மேஜையை விட்டு நகராது. தூரத்து அலமாரி என்றால் ஒருவர் அங்கே நின்று கத்தவேண்டும், ஒருவர் அடிக்கவேண்டும். இப்போது ஒரே ஆள் போதும். காலை ஒன்பதுக்குச் சார்ஜரைக் கழற்றியது, நாலு மணிக்கும் உயிரோடு இருந்தது. வலது தோள் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்று ஞாபகமில்லை. சும்மா சொல்லக்கூடாது, மூன்று நாலு வேலையைச் சேர்த்துத் திறந்தால் உள்ளே இருக்கிற விசிறி புலம்பியது, அடிப்பக்கம் முன்கையைச் சுட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எண் கட்டத்தை மட்டும் நம்பர் பேடு என்று தனியாக விற்கிறார்களே, வயரில் சொருகிக்கொள்ளலாமே என்றாள் அவள். அதையும் இரண்டு மாதம் படித்திருந்தாளாம். உள்ளங்கை அளவில் ஒன்று வந்து சேர்ந்தது. லேப்டாப்பில் இருந்ததே இரண்டு துளை. அதில் ஒன்றை இது பிடித்துக்கொண்டது. போகட்டும். நடக்கும்போது பையில் போட்டுக்கொள்வது, எண்ணிக்கை நிறைய இருக்கும் இடத்தில் அலமாரித் தட்டிலேயே லேப்டாப்பை வைத்துப் பக்கத்தில் இதைச் சொருகிக்கொள்வது என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை ஒரே ஒரு தப்பு. தாளம் பழைய தாளமாகிவிட்டாள்.

இத்தோடு நின்றிருந்தால் அவள் சந்தோஷமாக எழுதிக் கொடுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை போகிற போக்கில் கண்ணாடி அண்ணனிடம் அரைமணி நேரம் கொடுத்துப் பார்த்தாள். ஏழு பேரில் மூத்தவர், ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், திரையை மூக்குவரை கொண்டுபோனார். ஆறை எட்டு என்று படித்தார், மூன்றையும் எட்டு என்றே படித்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் பட்டியலில் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது.

"நல்லாத்தாம்மா இருக்கு. கைக்கு அடக்கமா இருக்கு" என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தன் தோளுக்காக அந்த மனுஷர் கண்ணை விட்டுக்கொடுக்கிறார் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது. நல்லது என்று எழுதினால் அவர் மூன்று வருஷம் தடுமாறவேண்டும். ஆகாது என்று எழுதினால் தனக்கு நாற்காலி. அவரை அனுப்பிவிட்டு, சரிபார்க்கும் மேஜைமேல் தூசி படிந்து கிடந்த பெரிய திரையைத் துடைத்தாள். அதன் வயரை மிச்சமிருந்த துளையில் சொருகினாள். ஆறு ஆறாகவும் எட்டு எட்டாகவும் நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மேனேஜர் அவள் எழுதிய பக்கத்தைப் படித்தார். வேகம், பேட்டரி, எடை எல்லாம் புகழ்ச்சி. எண் கட்டம் இல்லை, சுடுகிறது, துளை போதாது, கண் மங்கியவர்களுக்கு ஆகாது என்பதும் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. பதினோரு தப்பையும் எழுதியிருந்தாள்.

"எல்லாம் சரி, வாங்கலாமா வேண்டாமா? அத எழுதலியே?"

"ஏழும் இதையே வாங்கலாம் சார், கூட ஏழு நம்பர் பேடும் வாங்கினா. ஆனா எனக்குன்னு வெச்சிருக்கிற நாற்காலிய அண்ணனுக்குக் குடுக்கணும். அங்க இருக்கிற பெரிய ஸ்க்ரீன்ல இதச் சொருகிப் பாத்துட்டேன், பளிச்சுனு தெரியுது."

மேனேஜர் யோசித்தார். கண்ணாடி அண்ணன் முப்பது வருஷமாக வெளியே சுற்றியவர், உட்காரச் சொன்னால் கிழவன் என்று ஒதுக்கிவிட்டதாக நினைக்கமாட்டாரா என்றார். தாளத்துக்கும் உள்ளூர அதே பயம்தான். கேட்டாவது பாருங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவரைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷமா அந்த நாற்காலிமேல எனக்கு ஒரு கண்ணு சார். தோள் வலிக்கிற புள்ளைக்குன்னு நீங்க சொன்னப்புறம் நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"நீங்க கேக்கலன்னுதானே அண்ணே நான் வேண்டாம்னு சொல்லத் தயங்கினேன்" என்றாள் தாளம். அது முழுக்க உண்மை இல்லை, இருந்தாலும் அந்த நேரத்துக்கு நன்றாக இருந்தது.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆர்டர் தாளில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை டைல்ஸ் குடோன் ஒன்று இருக்கிறது, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, யாரை அனுப்புவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தாளம் விலாசம் கேட்டாள்.