வேதத்துக்குள் கிடந்த கேலிப்படங்கள்

நதானியேல் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து நல்ல பெயர் எடுத்த மனுசன். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

அங்கே பழுதாய்ப்போன வேதப்புத்தகத்தைக் குப்பையில் போடமாட்டார்கள். வளவில் குழி வெட்டிப் புதைப்பார்கள். கறையான் அரித்த பெரிய வேதத்தை நதானியேல் அப்படித்தான் எடுத்தார். உதறினால் உள்ளிருந்து படங்கள் விழுகின்றன. ராசா வேசத்தில் ஒரு ஒல்லி மனிதன், தலையில் கிரீடம். அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது. பழைய சாமான் வாங்க வந்த றஹீமிடம், "வேதத்துக்குள்ளை கிடந்த குப்பை, கொண்டுபோம்" என்று பேப்பர்க் கட்டோடு தள்ளிவிட்டார். வேதத்தை மட்டும் ஜெபம் பண்ணிப் புதைத்தார்.

மார்கழியில் ஷெரோன் வந்தாள். இந்தச் சபையில் வளர்ந்து, இப்போது அமெரிக்காவில் சரித்திரம் படிப்பவள். சின்ன வயதில் அந்தப் பெரிய வேதத்துக்குள் படங்களைப் பார்த்தவள்.

"அண்ட்ரூ ஜாக்சன் எண்ட ஜனாதிபதியை அந்தக் காலத்திலையே நக்கலடிச்சுக் கீறின படங்கள். மிஷனரிமார் கொண்டுவந்தது. எங்கை?"

போதகர் யோசிக்கவேயில்லை. "றஹீம்தானே உள்ளுக்கை வந்து போறவன். அவன்தான் சுருட்டியிருப்பான்."

சபையும் தலையாட்டியது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, திரும்பி வந்து கடை போட்டவர் மேல் பழி விழுந்ததை நதானியேல் பார்த்துக்கொண்டு நின்றார், பாவி மனுசன். சில நாள் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிப் போனார். கடைசியில் றஹீமின் கடைக்குப் போனார்.

றஹீம் மேசை லாச்சியை இழுத்து ஒரு பையை எடுத்து நீட்டினார். "வேதத்துக்குள்ளை கிடந்தது எண்டனியள். அதிலை கச்சான் கடலை சுத்த மனம் வரேல்லை."

"பிறகேன் கொண்டந்து தரேல்லை?"

"நான் கொண்டுவந்தா, கள்ளன் பயத்திலை திருப்பித் தந்திட்டான் எண்டெல்லோ சொல்லுவினம். நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அண்ணை."

அந்த 'அண்ணை'யைக் கேட்க நதானியேலுக்குக் கூசியது.

ஞாயிறு ஆராதனை முடிய, எல்லார் முன்னாலும் படங்களை வைத்தார். "நான்தான் றஹீமிட்டைக் குடுத்தனான். என்ரை பேர் கெட்டுப்போகும் எண்டு பயந்து வாய் திறக்கேல்லை."

ஏச்சு விழும் என்று தலைகுனிந்து நின்றவரின் முதுகில் போதகர் தட்டினார். "பரவாயில்லை, நதானியேல். மறதி ஆருக்கும் வாறதுதானே."

மறதியாம். ஷெரோன் சந்தோசத்தில் படங்களைப் போனில் எடுத்தாள். றஹீமின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

"ஐயா, றஹீமின்ரை கடை கிட்டத்தான்," என்றார் நதானியேல். "மன்னிப்புக் கேக்க நான் போறன். நீங்களும் வாங்கோ."

போதகர் மணிக்கூட்டைப் பார்த்தார்.